பட்டணத்துக்கு அப்பால் ஒரு வீடு

பட்டணத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது நம் பாட்டனார் காலத்து வேட்கை. பட்டணத்தை விட்டுச் சற்றே விலகி இருக்கவேண்டும் என்பது நம் மக்கள் காலத்து வேட்கை. இரண்டுக்கும் இடையில் நாம் நின்றோம். பாட்டனார் கீழக்கரையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு சென்னை மண்ணடிக்கு வந்தார். நாம் மண்ணடியிலிருந்து ஊரப்பாக்கத்துக்கு ஒரு சரக்கு வண்டி நிறையச் சாமான்களோடு போனோம். அவர் ஏன் வந்தார் என்று எவரும் கேட்கவில்லை. நாம் ஏன் போகிறோம் என்று கேட்காதவர் இல்லை.

இன்று நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல இதே கேள்வியின் முன்னே நிற்கின்றன. அண்ணாசாலைக்கும் கடற்கரைக்கும் நடுவே அடைபட்டு வாழ்ந்தவர்கள் வண்டலூர், கூடுவாஞ்சேரி, படப்பை என்று மனை தேடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் நம் அனுபவத்தை இங்கே எழுதுகிறோம். அதில் நாம் செய்த பிழையும் இருக்கிறது. மறைக்காமல் சொல்வோம்.

மண்ணடியில் நம் குடியிருப்பு ஒரு மாடிப் போர்ஷன். இரண்டு அறைகள், ஒரு நடைவழி, ஏழு பேர். கீழே இரும்புக் கடை. காலை ஒன்பது மணிக்குக் கதவு தூக்கினால் இரவு எட்டு மணிவரை குழாயும் தகடும் கோணக்கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். மீன்பாடி வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும். குடிநீர் லாரி வரும் நாளில் குடங்களின் வரிசை முனைவரை நீளும். நம் உம்மாவுக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்துவிட்டால் இரவெல்லாம் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியலைக் காண்பார்.

ஆயினும் அந்தத் தெருவில் இருந்த வசதிகளை ஊரப்பாக்கத்துக்கு வந்த பிறகே எண்ணிப் பார்த்தோம். பள்ளிவாசல் முப்பது அடி தூரத்தில் இருந்தது. கடிகாரம் நின்றுபோனாலும் வீட்டில் நேரம் தவறியதில்லை. ரமலானில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் ஓடுவார்கள். ஸஹர் நேரத்தில் தெருவே விழித்திருக்கும். வீட்டில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் செய்தி சொல்லவேண்டிய அவசியமே இல்லை. மோதினார் பள்ளியில் அறிவித்த கால் மணி நேரத்துக்குள் வாசலில் நூறு செருப்புகள் கிடக்கும்.

பட்டணம் தெற்கே நகர்ந்த கதை புதிதன்று. கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதற்கு முன்பே, 1928-இல், தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் எழுந்துவிட்டது. பட்டணத்துக் காற்று நெஞ்சுக்கு ஆகாது என்பதை அப்போதே மருத்துவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்த இரயில் நிலையத்தின் பெயரே இன்றும் சாட்சி. பாரிமுனைக்கு அருகே இயங்கிவந்த கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி தொடங்கிற்று. மறு ஆண்டே, சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் கூண்டுகளில் அடைபட்டுக் கிடந்த உயிர்க்காட்சிச் சாலை விலங்குகளும் வண்டலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. “சிங்கமே போய்விட்டது, நாம் போனால் என்ன?” என்று நம் துணைவியார் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

மனிதர்களும் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 46 லட்சம். புறநகர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 86 லட்சம். பெருநகரத் திட்டப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்ததை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. மக்கள் எத்திசையில் நடக்கிறார்கள் என்பதை எழுதுகோல் பின்தொடர்ந்தது என்று கொள்ளலாம்.

நாம் இடம் தேடத் தொடங்கிய காலம் 2016. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2015 டிசம்பர் முதல் வாரத்தில், அந்தப் பெருவெள்ளம் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் தெருப் பிள்ளைகள் பள்ளிவாசலில் சோறு சமைத்துப் பொட்டலம் கட்டினார்கள். அவர்களோடு நாமும் முடிச்சூர்ப் பக்கம் சென்றோம். அடையாற்று நீர் வீடுகளின் தரைத்தளத்தை முழுதாக மூடியிருந்தது. மாடியில் நின்றவர்கள் கயிற்றில் வாளி கட்டி இறக்கினார்கள். பொட்டலங்களை வாளியில் வைத்தோம். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்று எவரும் பார்க்கவில்லை. ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு பெரியவர், “வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் இந்த வீட்டில் போட்டேன் பாய். இது ஏரிக்குப் போகிற வழி என்று எவரும் சொல்லவில்லை” என்றார். அந்தச் சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஆகவே தரகர் முதலில் காட்டிய மனையை நாம் உடனே வாங்கிவிடவில்லை. அது சமதரையாக, பார்வைக்கு அழகாக இருந்தது. சுற்றிலும் கல் நட்டு வண்ணம் பூசியிருந்தார்கள். விலையும் குறைவு. சற்றுத் தொலைவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் போனோம்.

“பெரியவரே, மழை பெய்தால் இங்கே தண்ணீர் எப்படி?”

அவர் கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “இது ஏரி உள்வாய் பாய். நான் சின்னப் பையனா இருக்கையில இங்க நீந்தி விளையாடியிருக்கோம். அதோ தெரியுதே, அதுதான் கலங்கல்.”

தரகரிடம் இருந்த காகிதக் கட்டில் காணாததை அந்த முதியவரின் ஒரு வாக்கியம் காட்டிற்று. அன்றுமுதல் எந்த மனையைப் பார்த்தாலும் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு நிறுத்தாமல், கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் எவ்வகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்தோம். பிறகு ஊரின் மூத்தவர்களைக் கேட்டோம். மழை நாளில் ஒருமுறை நேரில் போய் நின்றும் பார்த்தோம். மேட்டுப் பாங்கான ஒரு மனை அகப்பட்டது. விலை கூடுதல்தான். துணைவியாரின் நகைகளில் பாதி அதற்குப் போயிற்று. 2017 இறுதியில் வீடு முடிந்தது.

முதல் இரவை மறக்க இயலாது. விளக்கை அணைத்தபின் தவளைகளின் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. உம்மா அன்று படுத்து உறங்கினார், பல ஆண்டுகளுக்குப் பிறகு. விடியலில் வண்டலூர்ப் பக்கமிருந்து சிங்கத்தின் முழக்கம் காற்றில் மிதந்து வந்தது. மகள் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினாள். துணைவியார் முருங்கைக் கொம்பு ஒன்றையும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றையும் நட்டார். நமக்கு மட்டும் தொல்லை கூடிற்று. கடைக்குப் போகக் கடற்கரை நிலையம்வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. ஆனால் அந்த இரயிலில் நாம் படித்து முடித்த நூல்களை முப்பது ஆண்டு மண்ணடி வாழ்க்கையில் படித்ததில்லை.

ஒரு வாரம் கழிந்தது. உம்மா திண்ணையில் உட்கார்ந்து, “வாப்பா, இங்கே பாங்கு எந்தப் பக்கமிருந்து வரும்?” என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் இல்லை. ஜுமுஆவுக்கு வண்டியில்தான் போய் வந்தோம். மகள் கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும்படி அமைத்துப் பாட்டியின் தலைமாட்டில் வைத்தாள். உம்மா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் சொன்னார்: “இது மணியடிக்கிற மாதிரி இருக்கு. நம்ம மோதினாருக்குச் சளி பிடிச்சா அவர் குரல்லேயே தெரியும். சுக்குக் கசாயம் போட்டுக் கொடுத்தனுப்புவேன். இதுக்கு என்னத்தைக் கொடுத்தனுப்ப?”

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஏதுமில்லை என்பது பின்னால் விளங்கிற்று.

அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் தெருவில் நாம் ஒரே முஸ்லிம் குடும்பம். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குடிபுகுந்த அன்றே அவர் வீட்டு அம்மையார் ஒரு செம்பில் பாலோடு வந்தார். பொங்கலுக்குக் கரும்பு வந்தது. பெருநாளுக்கு நம் வீட்டு வட்டிலப்பம் போயிற்று. எல்லா வாசலும் அப்படித் திறந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். நமக்குத் தெரிந்த இளம் தம்பதியர் அதே வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடி, பெயரைச் சொன்னதும் “வேறொருவருக்குப் பேசிவிட்டோம்” என்ற பதிலை நான்கு இடங்களில் கேட்டார்கள். ஐந்தாவது இடத்தில் வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, தண்ணீர் மோட்டாரை நேரத்தோடு நிறுத்துவீர்களா என்பது.

இனி நம் பிழைக்கு வருவோம்.

மண்ணடி மஹல்லாவுக்கு மாதச் சந்தா செலுத்துவது நம் வாப்பா காலத்து வழக்கம். ஊரப்பாக்கம் வந்த பிறகு அது நின்றுபோயிற்று. மறந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில், அங்கே நாம் இல்லையே, ஏன் கட்டவேண்டும் என்ற நினைப்பு அடிமனத்தில் இருந்தது. புதிய ஊரில் ஜமாஅத் என்று ஒன்று இல்லை. அங்கங்கே சிதறி வாழ்ந்த ஏழு குடும்பத்தார் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து ரமலானில் தராவீஹ் தொழுதோம். பெருநாள் முடிந்ததும் அறையைத் திருப்பிக் கொடுத்தோம். அமைதியை நாடி வந்தவர்கள் நாம். கூட்டம், கணக்கு, பொறுப்பு இவையெல்லாம் பட்டணத்தோடு ஒழிந்தன என்று மகிழ்ந்திருந்தோம்.

2019-இல் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் நெல்லைப் பக்கத்தவர், நல்ல குடும்பம். நிக்காஹ் நாள் குறித்தபின் அவர்கள் ஜமாஅத்திலிருந்து, பெண்ணின் மஹல்லாக் கடிதம் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். இன்ன பெண் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள், இத்திருமணத்துக்குத் தடை ஏதுமில்லை என்று தஃப்தரைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் அது. நம் வாசகர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நாம் ஊரப்பாக்கத்தில் யாரிடம் போய்க் கேட்பது? மண்ணடிக்குப் போனோம். எழுத்தர் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினார். நம் பெயருக்கு எதிரே பதினெட்டு மாதங்கள் வெறுமையாகக் கிடந்தன. பெயர்மேல் ஒரு கோடும் போட்டிருந்தார்கள்.

பிறந்து வளர்ந்த தெருவில், வாப்பாவின் ஜனாஸாவைச் சுமந்து வந்த அதே வாசலில், நாம் யார் என்று நாமே சொல்லவேண்டிய நிலையில் நின்றோம்.

முத்தவல்லி முதியவர். நம் வாப்பாவின் நண்பர். பாக்கியை வாங்கிக்கொண்டார். கோட்டின்மேல் பெயரை மீண்டும் எழுதச் சொன்னார். கடிதத்தில் கையொப்பமிட்டு முத்திரை வைத்தபின், அதை உடனே கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“தம்பி, உங்க மகளுக்கு நாங்க கடிதம் தந்துட்டோம். உங்க பேத்திக்கு யார் தருவா?”

இரயிலில் திரும்பும்போது அன்று நூலைத் திறக்கவில்லை.

நிக்காஹ் சிறப்பாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். கேள்வியை மட்டும் நாம் மீண்டும் மறந்துபோனோம். மனிதன் மறதிக்காரன். மறு ஆண்டு நோய்த்தொற்றுக் காலம் வந்தது. ஊரே கதவடைத்தபோது நம் வீட்டின் மொட்டைமாடியும் முருங்கை மரமும் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை உணர்ந்தோம். மண்ணடியில் இரண்டு அறைகளுக்குள் அடைபட்டிருந்த காக்கா தொலைபேசியில் சொன்னார்: “நீ அன்னைக்குப் போனது சரிதான் தம்பி.” அந்த ஒரு சொல்லில் மிதந்துகொண்டிருந்தோம்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு ஸுபுஹு நேரத்தில் உம்மா மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அறிவிக்கப் பள்ளி இல்லை. கைப்பேசியில் ஒவ்வொருவராக அழைத்தோம். குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் நம் ஏழு குடும்பங்களில் இருவரே. ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். கபன் துணி பட்டணத்திலிருந்து வரவேண்டும். சந்தூக்கும் பட்டணத்திலிருந்துதான் வரவேண்டும். அருகில் மையவாடி இல்லை. வாப்பா அடங்கியிருக்கும் மையவாடிக்கே கொண்டுசெல்வது என்று முடிவாயிற்று. சந்தூக்கு ஏற்றிய வண்டி பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே காலை நேர நெரிசலில் சிக்கிக்கொண்டது. மண்ணடியில் என்றால் கால் மணி நேரத்தில் வரும் பொருளுக்காக, உம்மா மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

எதிர் வீட்டு ஆசிரியர் தெருமுனையில் நின்று, வருவோருக்கு வழி காட்டினார். அவர் மகன் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாற்காலிகள் கொண்டுவந்தான். அவ்வீட்டு அம்மையார் துணைவியாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று நம் தெருவில் ஒரு வீட்டிலும் வானொலி ஒலிக்கவில்லை. ஊர்தி புறப்பட்டபோது பின்னால் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் அயல் வீட்டாருடையவை. மையவாடியில் காக்காவும் மண்ணடியின் பழைய ஜமாஅத்தாரும் காத்திருந்தார்கள். அவர்கள் தோளுக்கு நாம் உம்மாவை மாற்றிக் கொடுத்தோம். மோதினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கசாயக் கை” என்று மட்டும் சொன்னார்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் அந்த ஏழு குடும்பத்தாரையும் வீட்டுக்கு அழைத்தோம். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, முத்தவல்லியின் கேள்வியை அவர்கள் முன்னே வைத்தோம். எவரும் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் அதே அச்சம் இருந்தது. முதலில் வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வரிசையாகப் பெயர் எழுதினோம். மாதச் சந்தா ஐம்பது ரூபாய் என்று வைத்தோம். மாடி அறையை ஆண்டு முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தோம். அந்தப் பணத்தில் நாம் முதன்முதலாக வாங்கிய பொருள் பாயும் அன்று, மின்விசிறியும் அன்று; ஒரு சந்தூக்கு. அறையின் மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி அதை வைத்தோம். இரண்டாவதாக வாங்கியது பிள்ளைகளின் மக்தபுக்கு ஒரு கரும்பலகை.

அந்த நோட்டில் இன்று நாற்பத்தொரு குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. மையவாடிக்கு நிலம் வேண்டி மனுக் கொடுத்திருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. நிக்காஹ் தஃப்தர் ஒன்று தொடங்கியிருக்கிறோம். அதில் மூன்று பக்கங்கள் நிரம்பியுள்ளன.

ஊரப்பாக்கத்தின் அமைதியும் முன்போல் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாம் மண்ணடியில் வாழ்ந்தபோது வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையில் இருந்தது; நடந்தே போய் ஏறுவோம். 2002-இல் அது கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. எதை விட்டு விலகி வந்தோமோ, அது நம்மைத் தேடி வந்துவிட்டது. பெருநாள் விடுமுறை நாட்களில் பெருஞ்சாலையைக் கடக்க அரை மணி ஆகிறது. மனை விலை ஏறுகிறது. ஏரிக்கரை ஓரங்களில் புதிதாகக் கற்கள் நடப்படுகின்றன. மாடு மேய்த்த முதியவர் இப்போது இல்லை. அவரைப் போல் கலங்கலைக் கைகாட்டிச் சொல்ல இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

புறநகருக்குப் போக நினைக்கும் சகோதரர்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. போங்கள். மூச்சுக்கு நல்ல காற்றும், பிள்ளைகளுக்கு ஓட ஒரு முற்றமும், முதியவர்களுக்கு உறக்கமும் பெரிய நிஅமத்துகள். உம்மா கடைசி நான்கு ஆண்டுகள் படுத்து உறங்கினார்கள். அதற்காக நாம் செய்த எந்தச் செலவும் வீணில்லை. ஆனால் மனை பார்க்கும்போது தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்பதுபோல், பிள்ளை எங்கே ஓதுவான், நிக்காஹுக்குக் கடிதம் யார் தருவார், கடைசியில் எங்கே அடக்கம் என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டாம். பதிலை உண்டாக்கும் பொறுப்பும் அந்த மனையோடு சேர்ந்தே வருகிறது என்று அறிந்து வாங்குங்கள். புதிய இடத்தில் ஒன்று உருவாகும்வரை பழைய மஹல்லாவின் சந்தாவை நிறுத்தாதீர்கள்.

சென்ற மாதம் காக்கா வந்திருந்தார். 2019-இல் மண்ணடிக்குச் சுரங்க இரயில் வந்துவிட்டது என்றும், விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுவாசலில் இறங்கலாம் என்றும் வழக்கம்போல் பெருமை பேசினார். அஸருக்குப் பிறகு மாடி அறைக்கு அழைத்துச் சென்றோம். மக்தப் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். காக்கா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். மூலையில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி நடக்கையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தம்பி, இங்கே ஒரு கிரவுண்டு இப்போ என்ன விலை போகுது?”

சொன்னோம். மழை வரட்டும், இரண்டு பேருமாகப் போய் நின்று பார்த்துவிட்டு வாங்குவோம் என்றும் சொன்னோம்.